ரிசர்வ் விலை 58 லட்சம், கடன் தரும் வங்கியின் மதிப்பு 49 லட்சம்: இந்த ஏலத்தில் இறங்கலாமா?

தெற்குசென்னை_84 | பிப்ரவரி 3, இரவு 9.20

வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் 11 வருஷமா மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு இருக்கோம். எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடியில ஒரு வீடு வங்கி ஏலத்துக்கு வந்திருக்கு. 950 சதுர அடி, யூடிஎஸ் (மனையில அந்த வீட்டுக்குள்ள பங்கு) 420 சதுர அடி, கட்டி 12 வருஷம். ரிசர்வ் விலை, அதாவது ஏலத்துல கேக்கக்கூடிய குறைஞ்சபட்ச விலை, 58 லட்சம். ஏலத்துல சேர முன்கூட்டியே கட்டுற முன்வைப்புத் தொகை 5.8 லட்சம். ஏலத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கு.

கையில 15 லட்சம் இருக்கு. மனைவி சீட்டு எடுத்தது, என் பிஎஃப்ல கொஞ்சம், மீதி நகை. சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில 45 லட்சம் வரை தகுதி இருக்குன்னு சொன்னாங்க. 58ல 45 போனா 13 தானே, சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். நேத்து அவங்க மதிப்பீட்டாளர் வந்து பார்த்துட்டு 49 லட்சம்னு எழுதிட்டுப் போயிட்டார். அதே கட்டடத்துல போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு வீடு 50 லட்சத்துக்குக் கைமாறினதா செக்யூரிட்டியும் சொன்னார்.

வீட்டைப் போய்ப் பார்த்தோம். கதவுல ஒட்டின நோட்டீஸ்ல ஒரு ஓரம் பிஞ்சு தொங்குது. அதுக்குக் கீழே அன்னைக்குக் காலையில போட்ட கோலம். உள்ளே குடும்பம் இருக்கு. வயசான அம்மா ஒருத்தர் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணி கொடுத்தாங்க. திரும்பி வர வழியெல்லாம் என் மனைவி பேசவே இல்ல.

மனசு அந்த வீட்டுலதான் இருக்கு. விலைதான் உதைக்குது. என்ன செய்யலாம்?

வசூல்பிரிவு_ஓய்வு | பிப்ரவரி 3, இரவு 10.45

தம்பி, ஒரு பொதுத்துறை வங்கியில் 30 வருடம் வேலை பார்த்தவன், கடைசி எட்டு வருடம் வசூல் பிரிவில். முதலில் உங்கள் கணக்கைச் சரிசெய்வோம்.

உங்கள் வங்கி 58 லட்சத்தைப் பார்த்துக் கடன் தராது. ஏல விலை, தன் மதிப்பீட்டாளர் சொன்ன விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் சதவீதம் போடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. உங்களுக்கு 49 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 39.2 லட்சம். 45 லட்சம் தகுதி என்பது உங்கள் சம்பளத்துக்குச் சொன்னது, அந்த வீட்டுக்குச் சொன்னதில்லை.

58ல் 39.2 போனால் 18.8 லட்சம் கையிலிருந்து. பதிவுச் செலவு தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு 9 சதவீதம். ஏலம் எடுத்தவருக்கு வங்கி தரும் ஏலச் சான்றுக்கும் அதே அளவு ஒதுக்கி வையுங்கள், 5.22 லட்சம். இதற்குக் கடன் கிடைக்காது. ஆக மொத்தம் 24 லட்சம் வேண்டும். இருப்பது 15.

இதைவிட எனக்குப் பயம் தருவது நாள் கணக்கு. ஏலம் உங்கள் பேரில் முடிந்தால் அன்றே, தப்பினால் மறு வேலை நாளில், 25 சதவீதம் கட்டியாக வேண்டும். முன்வைப்பையும் சேர்த்து 14.5 லட்சம். உங்கள் கைக்காசு மொத்தமும் அங்கேயே போயிற்று. மீதி 75 சதவீதத்துக்கு விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள். எழுத்து மூலம் இரு தரப்பும் ஒப்பினால் மூன்று மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேல் விதியில் இடமில்லை. அதற்குள் கடன் வரவில்லை என்றால் 14.5 லட்சமும் பறிமுதல்.

ரிசர்வ் விலை ஏன் இவ்வளவு என்றும் கேட்பீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். குறைத்து விற்றால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். கடன் வாங்கியவர் கடன் வசூல் தீர்ப்பாயமான டிஆர்டிக்குப் போய் "அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள்" என்பார். கூட்டி வைத்து ஏலம் போகாவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் முதல் ஏலத்தில் விலை எப்போதும் மேலேதான் நிற்கும். அந்த 58 அதிகாரியின் பாதுகாப்புக்காகப் போட்ட எண் தம்பி. அதை வீட்டின் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிளாட்_புரோமோட்டர் | பிப்ரவரி 4, காலை 8.10

இப்படிப் பயந்தே பாதிப் பேர் வீடு வாங்காம போயிட்டாங்க. மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ மேடவாக்கம் வழியாத்தான் வருது. ரயில் ஓட ஆரம்பிச்சா 58 எல்லாம் சாதாரணம். பற்றாக்குறைக்கு ஒரு பர்சனல் லோன் போடுங்க, ரெண்டு வருஷத்துல ஏறுற விலையில அடைச்சுடலாம்.

கோவை_தறிக்காரன் | பிப்ரவரி 4, காலை 11.32

மேலே இருக்கிற யோசனையைக் கேட்டு நடந்தவன் நான். கேளுங்க.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு தனி வீடு, ஏலத்துல 72 லட்சத்துக்கு எடுத்தேன். மதிப்பீடு 61 தான் வந்துச்சு. இடைவெளிக்கு 14 சதவீத வட்டியில பர்சனல் லோன், மீதிக்கு வீட்டம்மா நகை. பணத்தைக் கட்டிச் சான்றையும் வாங்கிட்டேன். சாவி வரலைங்க. அறிவிப்புல "சிம்பாலிக் பொசெஷன்"னு சின்ன எழுத்துல போட்டிருந்ததை நான் கவனிக்கல. காகிதத்துல சொத்து வங்கி கையில இருக்கும், வீட்டுக்குள்ளே பழைய ஆளுதான் இருப்பாரு. வங்கி கலெக்டர் கிட்ட சர்ஃபேசி சட்டம் (கட்டாத கடனுக்கு அடகுச் சொத்தை வங்கி விக்கிற சட்டம்) 14ஆம் பிரிவுல மனு போட்டுத்தான் வெளியேத்தணும். சட்டத்துல 30 நாள், நீட்டினா 60 நாள்னு இருக்கு. எனக்கு 14 மாசம் ஆச்சு.

அந்த 14 மாசமும் வீட்டுக்கடன் தவணை, பர்சனல் லோன் தவணை, குடியிருந்த வீட்டு வாடகை, மூணும் கட்டினேன். கடைசியில உள்ளே போனா மின்வாரியத்துக்கு 83,000 பாக்கி. அதைக் கட்டாம கனெக்‌ஷன் தரமாட்டேன்னுட்டாங்க. வங்கியில கேட்டா "உள்ளது உள்ளபடின்னு போட்டிருக்கோமே"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. பெரிய பொண்ணை அந்த வருஷம் கேட்ட காலேஜுல சேர்க்க முடியல. அதை நினைச்சா இன்னைக்கும் தூக்கம் வராது.

விலை ஏறும்ங்க, நான் மறுக்கல. ஏறுற வரைக்கும் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்க உங்க கையில காசு இருக்கணும்.

மதிப்பீட்டாளர்_தாம்பரம் | பிப்ரவரி 4, மதியம் 1.05

49 எப்படி வந்திருக்கும்னு போட்டுக் காட்டுறேன். யூடிஎஸ் 420 சதுர அடி, அந்தப் பகுதி மனை விலை 7,000 வீதம் 29.4 லட்சம். கட்டடம் புதுசாக் கட்டினா சதுர அடிக்கு 2,500. வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம், 12 வருஷத்துக்கு 18 சதவீதம் கழிச்சா 2,050. 950க்கு 19.47 லட்சம். ரெண்டும் சேர்த்து 48.87. கார் நிறுத்தத்தையும் பார்த்து 49ன்னு முடிச்சிருப்பாங்க.

ஏலம் விடுற வங்கி அநேகமா மொத்த ரேட் 6,100ன்னு போட்டு 950ஆல பெருக்கியிருக்கும், 57.95 வருது பாருங்க. 6,100 புதுக் கட்டடத்தோட ரேட். பழைய கட்டடம் அங்கே 5,200, 5,400க்குத்தான் போகுது. யூடிஎஸ் எவ்வளவுன்னு வில்லங்கச் சான்றோட மூலப்பத்திரத்தையும் வச்சு நீங்களே ஒருதடவை பாருங்க. ஏல அறிவிப்புல தப்பா அச்சடிச்ச யூடிஎஸ்ஸை நானே பார்த்திருக்கேன்.

தெற்குசென்னை_84 | பிப்ரவரி 4, இரவு 9.50

கோவை அண்ணா, படிச்சிட்டு மனசு கனத்துப் போச்சு. எங்க அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன், இதுவும் சிம்பாலிக்தான்.

கீழே அசோசியேஷன் செயலாளரையும் பார்த்தேன். லெட்ஜரைத் திறந்து காட்டினார், 1,14,000 பராமரிப்பு பாக்கி. நாலு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் மாசம் தவறாம 5ஆம் தேதி கட்டின மனுஷன், அப்புறம் ஒரு வரி கூட இல்ல. மீன் ஏற்றுமதிப் பக்கம் ஏதோ வேலை, கொரோனாவுக்கப்புறம் எழவே இல்லைன்னு சொன்னார்.

இப்ப என் கேள்வி. "49தான் தருவோம்"னு வங்கிக்கு நேரா எழுதினா ஏத்துக்குவாங்களா?

டிஆர்டி_வழக்கறிஞர் | பிப்ரவரி 5, காலை 7.15

ஏல நாளில் ரிசர்வ் விலைக்குக் கீழே கேட்க முடியாது. அதற்குக் கீழே விற்க வேண்டும் என்றால் வங்கி, கடன் வாங்கியவர் இருவருடைய சம்மதமும் வேண்டும் என்று சர்ஃபேசி சட்டத்தின் 9ஆம் விதியே சொல்கிறது. இல்லையென்றால் ஏலம் போகாமல் விழ வேண்டும், பிறகு வங்கி விலையைத் திருத்தி மறு ஏலம் விடலாம். முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு, மறு ஏலத்துக்கு 15 நாள் போதும். பல வங்கிகள் ஒவ்வொரு சுற்றிலும் 10 சதவீத அளவில் குறைக்கின்றன. ஏலமே இல்லாமல் தனி ஒப்பந்தமாக விற்கவும் விதியில் இடமுண்டு.

பணத்தைக் கட்டிவிட்டு "கடன் வரத் தாமதமாகிறது" என்று நீதிமன்றம் போகலாம் என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஏலம் எடுத்தவர் கேட்ட விலை 12.27 கோடி, கட்டிய 25 சதவீதம் 3.06 கோடி. மீதியைக் கடன் வாங்கிக் கட்ட முயன்றார், குறித்த காலத்தில் முடியவில்லை. வங்கி அதே சொத்தை மறுபடி 14.76 கோடிக்கு விற்றது. வங்கிக்கு நஷ்டமே இல்லை. ஆனாலும் 3.06 கோடி முழுவதும் பறிமுதல் செய்தது சரி என்று தீர்ப்பாகிவிட்டது. கடன் வாங்கி ஏலம் எடுப்பவர் எல்லாரும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

மின்வாரிய பாக்கியும் அப்படித்தான். 2023 மே மாதத்திலிருந்து உச்ச நீதிமன்ற நிலைப்பாடு தெளிவு: விதிமுறையில் இருந்தால் பழைய பாக்கியைக் கட்டச் சொல்லிப் புது ஆளிடம் கேட்கலாம்.

உரிமையாளர் வங்கி நடவடிக்கையை எதிர்த்து டிஆர்டியில் 17ஆம் பிரிவு மனு போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அந்த வழக்கு எண்ணைக் கடன் தரும் வங்கி பார்த்தால் கோப்பை மூடி வைத்துவிடும்.

மதுரை_மீனாட்சி | பிப்ரவரி 5, மாலை 4.40

தம்பி, நான் ஏலத்துலதான் வீடு வாங்குனேன், நல்லபடியா முடிஞ்சது. அதையும் சொல்லணும்ல. மூணாவது ஏலத்துல எடுத்தேன். மொதல் ரெண்டு தடவையும் முன்வைப்பு கட்டாம வெறுமனே பாத்துட்டே இருந்தேன். என் கூடப் பொறந்தவன் "வேற எவனாச்சும் கொத்திட்டுப் போயிருவான்"னு தினமும் அரிச்சான். ஒருத்தனும் வரல.

கடனை ஏலம் விட்ட வங்கியிலேயே கேட்டேன். பத்திரம் அவங்க கையிலேயே இருக்கு, சட்டக் கருத்தும் அவங்க வக்கீலே குடுத்தது, அதனால 11 நாள்ல சாங்ஷன் ஆச்சு. வேற வங்கின்னா "சான்று கொண்டா, கடன் தர்றேன்"ம்பாங்க. ஏல வங்கி "பணம் கட்டு, சான்று தர்றேன்"ம்பாங்க. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கணும். வேற வங்கிதான் தோதுன்னா, மீதிப் பணத்தை அவங்க நேரா ஏல வங்கிக்கு அனுப்பி, சான்றையும் பத்திரத்தையும் நேரா அவங்களே வாங்கிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் எழுதி வாங்கிட்டு அப்புறம் முன்வைப்பு கட்டுங்க. வாய்ச்சொல்லை நம்பாதீங்க.

அந்தம்மா தண்ணி குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்க மகன்கிட்ட ஒருவாட்டி உக்காந்து பேசிப் பாருங்க.

தெற்குசென்னை_84 | பிப்ரவரி 24, இரவு 8.30

ஏலம் முடிஞ்சது. யாரும் கேக்கல. வங்கி ஏலம் நடக்கிற பேங்க்நெட் தளத்துல ராத்திரி பார்த்தேன், ஒரு பெயர் கூடப் பதிவாகல. நாங்களும் கட்டல. அன்னைக்கு முழுக்க வயித்துல ஒரு படபடப்பு.

மீனாட்சி அக்கா சொன்னபடி போன ஞாயித்துக்கிழமை அந்த அம்மாவோட மகனைப் போய்ப் பார்த்தோம். முதல்ல கதவைத் திறக்கவே யோசிச்சார், ஏஜென்ட்டுன்னு நினைச்சுட்டார். அப்புறம் கோப்பையே எடுத்துக் காட்டினார். வங்கிக்கு இன்னைய தேதிக்கு 46 லட்சம் பாக்கி. ஒவ்வொரு மாசமும் 38,000 போல வட்டி ஏறிட்டே இருக்கு. அவரே விக்கப் பார்த்திருக்கார், கதவுல நோட்டீஸைப் பார்த்துட்டு வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க. 49க்கு முடிஞ்சா மூணு லட்சம் மிச்சம் வரும், அம்மாவைக் கூட்டிட்டு ஆவடி பக்கம் வாடகைக்குப் போக அட்வான்ஸுக்கு ஆகும்னு சொன்னார். டிஆர்டியில வழக்கு எதுவும் போடலை.

இப்படி அவர்கிட்டேயே நேரா வாங்க முடியுமா?

வசூல்பிரிவு_ஓய்வு | பிப்ரவரி 24, இரவு 10.05

முடியும் தம்பி. உங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பாக்கி முழுதும் அடைபடுகிறது என்றால் எந்த அதிகாரியும் ரிசர்வ் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கமாட்டார், ஏனென்றால் தள்ளுபடி எதுவும் கேட்கவில்லை நீங்கள். ஆனால் மறு ஏல அறிவிப்பு வருவதற்குள் முடிக்க வேண்டும். ஏல அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டால் கடனை அடைத்து மீட்கும் உரிமை முடிந்தது என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஏலம் விழுந்துவிட்டதால் இப்போது வங்கி சம்மதித்தால் வழியிருக்கிறது.

அவரே ஏலம் விட்ட வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலருக்குக் கடிதம் கொடுக்கட்டும்: இன்னாருக்கு 49 லட்சத்துக்கு விற்கிறேன், அதில் வங்கி பாக்கி முழுதும் நேராக வரும், சம்மதம் வேண்டும் என்று. கூடவே உங்கள் வங்கியின் சாங்ஷன் கடிதத்தை வையுங்கள். வெறும் விருப்பக் கடிதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள், சாங்ஷன் கடிதம் இருந்தால் கோப்பு நகரும். பாக்கித் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் கடைசி நாளில் 40,000 கூடுதலாகக் கேட்பார்கள்.

பல்லாவரம்_குமாஸ்தா | பிப்ரவரி 25, காலை 9.00

அவர்கிட்ட அட்வான்ஸா அஞ்சு லட்சம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுக்கலாமே? கைமாறாம இருக்கும்.

டிஆர்டி_வழக்கறிஞர் | பிப்ரவரி 25, காலை 9.25

தயவுசெய்து வேண்டாம். கடனைக் கட்டச் சொல்லும் 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் சொத்தை விற்கவோ மாற்றவோ முடியாது, 13(13) பிரிவு. சம்மதம் வருமுன் கொடுக்கிற காசுக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குக் கடன் கொடுத்த வேறு யாராவது அந்தப் பணத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சம்மதக் கடிதம் வந்த பிறகு ஒப்பந்தம். ஒப்பந்தத் தொகையையும் அவருடைய கடன் கணக்கிலேயே செலுத்துங்கள்.

தெற்குசென்னை_84 | ஏப்ரல் 11, மாலை 6.15

ரொம்ப நாளாச்சு, மன்னிக்கணும். நேத்து பத்திரப் பதிவு முடிஞ்சது.

சம்மதக் கடிதம் வர அஞ்சு வாரம். நடுவுல ஒரு வாரம் அலுவலர் லீவு, அப்புறம் "52 தரமுடியுமா"ன்னு ஒரு கேள்வி. மனைவிதான் மதிப்பீட்டு அறிக்கையை மேசையில வச்சு "சார், எங்க வங்கி இதுக்கு மேல ஒரு ரூபாய் தராது, எங்ககிட்டேயும் இல்லை"ன்னு சொன்னா. அவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துட்டு மேலே அனுப்பிட்டார்.

கணக்கு: கடன் 39.2, 20 வருஷம், எட்டரை சதவீதம், தவணை 34,000. கைக்காசு 9.8, பதிவுச் செலவு 4.41. மொத்தம் 14.21 போச்சு. விலை 50 லட்சத்துக்குள்ளே இருந்ததால வருமான வரிக்காக ஒரு சதவீத டிடிஎஸ் பிடிக்கிற வேலையும் இல்ல. கையில 79,000 மிச்சம். அசோசியேஷன் பாக்கி 1,14,000ஐ நாங்க ஏத்துக்கிட்டோம். செயலாளர் ரெண்டு தவணையா வாங்கிக்கச் சம்மதிச்சார். 58க்குப் போயிருந்தா இந்நேரம் நாங்க எங்கே நின்னிருப்போம்னு யோசிக்கவே பயமா இருக்கு. வட்டி ஏறினது போக அவர் கைக்கு ரெண்டேகால் லட்சம் போல கிடைச்சுது.

சார்பதிவாளர் அலுவலகத்துல அந்த அம்மாவும் வந்திருந்தாங்க. சாவியை மகன் கையிலேர்ந்து வாங்கி அவங்களே என் மனைவிகிட்ட கொடுத்தாங்க. சமையலறைக் குழாய் இடது பக்கம் திருப்பினாத்தான் நிக்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க. துளசி மாடத்தை மட்டும் எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் ஆட்டோவுல ஏத்திவிட்டேன்.

மதுரை_மீனாட்சி | ஏப்ரல் 11, இரவு 7.02

படிக்கப் படிக்கக் கண்ணு கலங்கிருச்சுப்பா. பால் காய்ச்சறப்ப சொல்லு.

டிஆர்டி_வழக்கறிஞர் | ஏப்ரல் 11, இரவு 9.30

வாழ்த்துகள். ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவருடைய பழைய எம்ஓடியை (பத்திரத்தை வங்கியில் அடகு வைத்ததற்கான பதிவு) ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை வங்கி பதிவு செய்து கொடுத்ததா? அது ஏறாமல் விட்டால் நீங்கள் விற்கும் நாளில் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். பத்து, பதினைந்து நாள் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

தெற்குசென்னை_84 | ஏப்ரல் 28, காலை 10.10

இன்னைக்குப் போட்டேன் சார். ரசீது ஆவணம், எங்க கிரயம், எங்க எம்ஓடி, மூணும் அடுத்தடுத்து ஏறியிருக்கு. அக்கா, மே மாசம் முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம்.